அத்தைக்கு ஓர் இலை

குருக்கள் அந்த ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த கைக்குப் போனார்.

வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோயிலில் சாயங்கால தீபாராதனை முடிந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் ஆணும் பெண்ணுமாக வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போகி நாள் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டம். குருக்கள் தட்டை ஏந்தி வரிசையை ஒட்டி நடந்துவந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு சிட்டிகை திருநீறு விழுந்தது. தூணின் நிழலிலிருந்து நீண்டிருந்த ஒரு கைக்கு முன்னால் வந்தபோது அவர் தயங்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அங்கே தூண் மட்டும்தான் இருக்கிறது என்பதுபோலத் தாண்டிப் போனார். கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மெல்ல மடங்கி நிழலுக்குள் போயிற்று.

கணேசமூர்த்தி அதைப் பார்த்துவிட்டான். அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய்ச் சட்டி சரிந்தபோது, கீழே தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையின் மேல் அது கொட்டாமல் தடுத்த கை அது. அந்தக் குழந்தை கணேசமூர்த்திதான்.

"என்னங்க, திருநீறு கொட்டுது பாருங்க," என்றாள் அவன் மனைவி கோகிலா.

அவன் குனிந்து பார்த்தான். தன் கை கவிழ்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இந்த ஜென்மத்தில் மலாக்காவில் கால் வைப்பதில்லை என்று இருந்தவன் அவன். பொங்கலுக்கு மனைவியை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு, மாமனார் வீட்டுக்குப் பறந்துகொண்டிருந்தான். வழியில் மலாக்காவை ஒட்டிய பத்து பெரெண்டாமில் இறங்கி ஏற வேண்டிய விமானம், இறங்கிய இடத்திலேயே படுத்துக்கொண்டது. ஏதோ ஓர் இரும்புச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வந்தாக வேண்டுமாம், மறுநாள் காலையில்தான் புறப்பாடாம். வெள்ளைக்காரப் பைலட் தொப்பியைக் கழற்றி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கோகிலாவுக்கு மட்டும் கொண்டாட்டம். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கிற நினைப்பே இல்லாமல் கையைத் தட்டினாள். "ஊரைச் சுத்திப் பார்க்கலாம்லங்க!"

பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு தங்கும் விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு, மத்தியானம் பூராவும் சுற்றினார்கள். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய வளைவுகளில் காகிதப் பூக்கள் நாலு மாத வெயிலில் சாயம் போய்த் தொங்கின. பழைய கோட்டை வாசல், ஆற்றுப் பாலம், சந்தை என்று கோகிலா எதையும் விடவில்லை. கணேசமூர்த்தி தொப்பியைப் புருவம் வரை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பின்னால் நடந்தான். செருப்பில்லாமல் ஓடி விளையாடிய தெருவில் நின்றுகொண்டு, "ஆத்துப் பாலத்துக்கு எப்படிப் போகணும்?" என்று ஒரு சீனன் கடையில் வழி கேட்டான். கேட்டபோது காது மடல் சுட்டது. ஆனாலும் கேட்டான், மனைவி பக்கத்தில் நின்றாளே.

விஷயம் இதுதான். கணேசமூர்த்தி மலாக்காச் செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே வேர்விட்டுப் போன கூட்டம். கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். பேச்சு மலாய், உடுப்பு சாரோங்கும் கெபாயாச் சட்டையும். பதினெட்டு வயதில் துறைமுக ஆபீஸ் கிராணியாகச் சிங்கப்பூர் போனவனுக்கு, 'இது என்ன ரெண்டுங்கெட்டான் ஜாதி' என்று நாலு பேர் சிரித்தது பொறுக்கவில்லை. தமிழ் வாத்தியார் வைத்துப் படித்தான். சங்கத்தில் சேர்ந்தான். பிறவித் தமிழர்களுக்கே புரளாத சொல்லெல்லாம் அவன் நாக்கில் புரண்டது. மேடையேறிப் பேசினால் கைதட்டல். அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் பினாங்கு ஜவுளி வியாபாரி மருதமுத்து தன் பெண்ணைக் கொடுத்தார்.

"அப்பா அம்மா?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு பேரும் தவறிட்டாங்க," என்றான்.

அப்பா தவறியது உண்மை. பாதி உண்மைதானே என்று அப்போது தோன்றியது. ஆனால் கோகிலா பாதியோடு விடுகிற பெண் இல்லை. கல்யாணமான முதல் வருஷமே, "அத்தைக்குத் திதி என்னிக்குங்க? நாம கொடுக்காம வேற யாரு கொடுப்பா?" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னான்: ஆடி அமாவாசை. என்ன பிடிக்கும் என்று கேட்டாள். தேங்காய்ப் பால் சோறு. அது ஒன்றுதான் அவன் சொன்ன உண்மை. படம் இல்லை என்றதும் அவள் விளக்கேற்றி, புதுப்புடவை ஒன்றை மடித்து வைத்து, தலைவாழை இலை விரித்து, தானே சமைத்ததைப் பரிமாறினாள். கண்ணை மூடிக்கொண்டு, "அத்தை, வாங்க, வந்து சாப்பிடுங்க," என்று ஒரு குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். உயிரோடிருக்கிற தாயின் இலைக்கு முன்னால் கணேசமூர்த்தியும் கைகூப்பி நின்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காமல் இருந்திருந்தால் மனிதன் என்று சொல்லலாம். நன்றாகவே இறங்கியது. அடுத்த வருஷமும் இறங்கியது, அதற்கடுத்த வருஷமும்.

கோயிலில் கோகிலா குருக்களைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் என்ன சாமி பார்க்கலாம் இங்க?"

"கஜா பெராங்ல மலாக்காச் செட்டிங்க குடியிருக்கிற கம்போங் இருக்கும்மா. இன்னிக்கு அவங்களுக்குப் பர்ச்சு. செத்தவங்களுக்குப் படைக்கிற நாள். நம்ம சாமிதான் கும்புடுறாங்க. ஆனா தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எல்லாம் மலாய்தான்."

"ஒரு வார்த்தைகூடவா?" கோகிலா வாயில் கை வைத்தாள். கேலி இல்லை, வியப்புதான். "அப்புறம் எப்படிங்க அவங்க தமிழங்கன்னு சொல்லிக்குவாங்க?"

கேள்வி அவனை நோக்கி வந்தது. தூணுக்குப் பின்னால் நிழல் அப்படியே இருந்தது.

"சொல்லிக்காம இருந்தா நமக்கு நல்லது," என்றான் கணேசமூர்த்தி. சொல்லிவிட்டுச் சிரித்தான், கொஞ்சம் சத்தமாகவே. குருக்களும் மரியாதைக்குச் சிரித்தார். தூணுக்குப் பின்னால் சாரோங் துணி சரசரத்தது, யாரோ காலை மாற்றி வைத்ததுபோல. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுதிக்கு வந்ததும் கோகிலா களைத்துப் படுத்துவிட்டாள். மாமனாருக்குத் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன், வாசலில் மூன்று சக்கரப் பெச்சாவோடு நின்றவனிடம் தணிந்த குரலில், "கஜா பெராங்," என்றான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. குருக்களுக்குப் பார்வை மங்கலாக இருக்கலாம். தூண் நிழலில் கை தெரியாமல் போயிருக்கலாம். இல்லையென்றால் அம்மா செத்தேபோயிருக்கலாம். தான் பார்த்தது வெறும் தோற்றமாக இருக்கலாம். அந்தக் கடைசி நினைப்பு வந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. என்ன அது என்று பார்த்தான். நிம்மதி. அவள் செத்திருந்தால் அவன் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும், போட்ட இலை மூன்றும் முறையான இலைகளாகிவிடும். பெற்றவளின் சாவில் நிம்மதி தேடிப் பெச்சாவில் போகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தான். வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் பெச்சாவைத் திருப்பச் சொல்லவில்லை.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கம்போங் கிளிங் மசூதியிலிருந்து மஃரிப் பாங்கு எழுந்து ஓட்டுக் கூரைகளின் மேல் படர்ந்து அடங்க, ஆற்றுச் சேற்று நாற்றமும் வெயிலில் காய்ந்த பெலாச்சான் இறால் விழுது வாடையும் பின்தங்கிப்போய், கஜா பெராங் சாலை வளைவில் திரும்பியதும் வேறொரு வாசனை வந்து முகத்தில் மோதியது: சாம்பிராணி, தேங்காய்ப் பால், பாண்டான் இலை போட்டு வெந்த சோறு, புளி விட்டுக் கொதித்த மீன், எல்லாம் ஒன்றாகக் கலந்து. வயிறு பசியில் சுருண்டது. அவன் இன்னும் அவள் பிள்ளைதான் என்று வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

பெச்சாவைச் சாலையிலேயே அனுப்பிவிட்டு இறங்கி நடந்தான். கம்போங்கில் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. எல்லா வீட்டாரும் வெளியே நின்றார்கள். அவனுக்கு அது தெரிந்த வழக்கம்தான். பர்ச்சு அன்று, செத்தவர்களுக்கு வரிசையாக இலை போட்டு, பிடித்ததைப் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருக்கிற யாரும் உள்ளே போகக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. சின்ன வயதில் அது கண்ணாமூச்சி விளையாட்டுப்போல இருந்தது. இப்போது, அரையிருட்டில், தங்கள் வீட்டுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு வாய் பேசாமல் நிற்கிற மனிதர்களுக்கு நடுவே அவன் அடி மேல் அடி வைத்து நடந்தான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பலகை கிரீச்சிட்டது.

"யாரைத் தேடுறீங்க?" ஒரு கிழவி மலாயில் கேட்டாள். பொன்னம்மா. அடுத்த வீட்டுக்காரி. அவனுக்கு எத்தனையோ நாள் மீன் வறுத்துக் கொடுத்தவள். தொப்பியும் கண்ணாடியும் வைத்த ஆபீஸ்காரரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் அவனுக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

"பாக்கியலட்சுமி வீடு," என்றான், மலாயிலேயே. பேசிப் பல வருஷமான பேச்சு நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது.

"பாக்கியமா?" பொன்னம்மா பதில் சொல்ல வாயெடுத்து நின்றாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அவ செத்துப்போயிட்டாளே."

நெஞ்சில் அந்த இளக்கம் மறுபடி வந்தது. "எப்போ?"

"எப்போன்னா..." பொன்னம்மா பக்கத்தில் நின்ற தன் மகளைப் பார்த்தாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள். "செத்துட்டாதானே? ஆனா, நாங்க யாரும் தூக்கின ஞாபகம் இல்லையே. அழுத ஞாபகமும் இல்ல. போன வாரம்கூட எங்க வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்க. திறந்தா யாரும் இல்ல. மறுபடி சாத்தினா, மறுபடி தட்டுது." அவள் குரல் இறங்கியது. "நாங்க ஏன் ஒரு தடவைகூட அந்த வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கல? பக்கத்து வீடுதானே?"

அவள் அவனைத்தான் கேட்டாள். அவனிடம் பதில் இருந்தது. தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தான்.

அந்த வீடு அப்படியே இருந்தது. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை, வாசலில் சாய்ந்து நிற்கும் பப்பாளி மரம். கம்போங் முழுக்கக் கதவுகள் சாத்தியிருக்க, இந்த ஒரு கதவு மட்டும் கையகலம் திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம், மஞ்சளாக, அசையாமல். வெளியே யாரும் காத்து நிற்கவில்லை.

உள்ளே போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். மேடையில் பேசுகிற கணேசமூர்த்திக்கு அது மூடநம்பிக்கை. இந்த வீட்டு மூர்த்திக்கு அது மீறக் கூடாத சட்டம். ஆனாலும் கதவைத் தள்ளினான்.

"செருப்பைக் கழட்டு," என்றது குரல்.

கழற்றினான்.

நீளவாட்டில் ஏழெட்டு இலைகள் போட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சோறு ஆவி பறந்தது. ஒரே ஒரு விளக்கு, தொலைவில், சுவரோரம். அதன் வெளிச்சம் முதல் இரண்டு இலைகளைத்தான் தொட்டது; மீதி இருட்டில். கடைசி இலைக்கு முன்னால், சுவரில் சாய்ந்து, கால்களை ஒருபக்கமாக மடித்து அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கெபாயா. கொண்டையில் ஊசி. முன்பைவிடச் சின்ன உருவம். சலவையில் வெளுத்து வெளுத்து இழை நைந்த துணிபோல இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரின் கோடுகள் லேசாகத் தெரிந்தனவோ, இல்லையோ.

"மாக்," என்றான். அம்மாவை அப்படித்தான் அழைப்பது வழக்கம். "நீ ஏன் உள்ளே இருக்கே? இன்னிக்கு வெளியேதானே நிக்கணும்?"

"வெளியேதான் நின்னேன். அவங்க கதவைத் திறந்து, நீயும் வான்னு கூப்பிட்டுட்டாங்க."

யார் என்று அவன் கேட்கவில்லை. இருட்டில் ஓர் இலை லேசாக அசைந்தது. காற்றில்லை.

அவள் பேசினாள். அவர்கள் பேச்சு மலாய்தான், நடுவில் பூசை, சாமி என்று சில தமிழ்ச் சொற்கள் மட்டும் மிதக்கும். கோபமில்லாமல், ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்களாம். கண்ணை மூடித் திறந்தால் தெரியாத வீடு, தெரியாத பெண், முன்னால் இலை. போகாமலிருக்க முடியவில்லை. சாப்பிடாமலிருக்கவும் முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுச் சோற்றில் உப்பு தெரியவில்லை. அடுத்த வருஷம் போய் வந்தபோது பொன்னம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை. அதற்கடுத்த வருஷம் வந்தபோது கண்ணாடியில்...

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா சமைக்குது அந்தப் பொண்ணு. தேங்காய்ப் பால்தான் கொஞ்சம் கெட்டியாப் போயிடுது. பாண்டான் இலை ஒண்ணு முடிஞ்சு போடச் சொல்லு." பிறகு கேட்டாள்: "'அத்தை'னு கூப்பிடுது. அப்படின்னா என்ன மூர்த்தி?"

"மாமியார்," என்றான்.

"அப்படியா," என்றாள். அந்த நைந்த முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை. தரையைப் பார்த்தான்.

"நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எம் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான். எந்தப் பாவியோ நான் செத்துட்டதா உங்கிட்ட பொய் சொல்லியிருக்கான். அதை நம்பி, பாவம், நீ எனக்கு இலை போட்டிருக்கே. யாரு மூர்த்தி சொன்னது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். காலில் விழுந்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"யாரோ ஒரு ஆளு," என்றான் கணேசமூர்த்தி. "ஊர்க்காரன்னு சொன்னான்."

"அவன் நாசமாப் போக," என்றாள் அவள், தன் பிள்ளையைப் பரிவோடு பார்த்தபடி.

இருட்டில் சோறு பிசையும் சத்தம் கேட்டது. ஓர் இலையில். பிறகு இன்னோர் இலையில். விரலைச் சப்பும் ஓசை. மீன் முள்ளை யாரோ துப்பினார்கள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எழுந்து வா, மாக். வெளியே போயிடலாம்."

"நீ கூட்டிட்டுப் போனா முடியாது. கூப்பிட்டது அவ வாய். அவ வாயாலதான் நான் திரும்ப முடியும். உயிரோட இருக்கிற மாமியாரைக் கூப்பிடற மாதிரி ஒரு தடவை கூப்பிடட்டும், போதும். நான் யாருன்னு நீ அவகிட்டே சொல்லணும். அவ்வளவுதான்." இருட்டைக் கண்ணால் காட்டினாள். "இவங்க சாப்பிட்டு எழுந்துக்கறதுக்குள்ளே. எழுந்தா என்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அவ வந்துட்டா. நான்தான் தூக்கத்துல போய் எழுப்பினேன்."

வெளியே பெச்சா மணி அடித்தது.

"என்னங்க?" கோகிலாவின் குரல். "உள்ளயா இருக்கீங்க?"

அவன் ஒரே எட்டில் வாசற்படிக்கு வந்தான். கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான். கோகிலா பப்பாளி மரத்தடியில், கலைந்த தலையோடு, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி நின்றாள்.

"தந்தி ஆபீஸ் மூடி ரொம்ப நேரமாச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. பெச்சாக்காரரைக் கேட்டா, இங்க இறக்கிவிட்டேங்கறாரு. இங்க என்னங்க பண்றீங்க? எனக்குத் தூக்கத்துல யாரோ தோளைத் தொட்டு எழுப்பின மாதிரி இருந்துச்சு, உடனே கிளம்பிட்டேன்." அவள் மூக்கை இழுத்தாள். "அய்யோ, என்ன வாசனை! நம்ம வீட்டுத் திதி வாசனை மாதிரியே இருக்கு."

முதுகுக்குப் பின்னால், கதவு இடுக்கில், மூச்சு. மெல்லிய குரல். "சொல்லு, மூர்த்தி."

"உள்ள யாரு?" கோகிலா கழுத்தை நீட்டினாள். "பேச்சுக் குரல் கேட்டுச்சே."

"சொல்லு."

கெபாயா போட்ட, தமிழ் தெரியாத தாய் என்பது மட்டுமாக இருந்திருந்தால் அன்றைக்கு அவன் சொல்லியிருப்பான். அவனுக்குக்கூட அவ்வளவு மனம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிக் கைகூப்பி, குளித்து முழுகிச் சமைத்துப் போட்ட இலையெல்லாம் உயிரோடிருந்தவளுக்குப் போட்டது என்று சொல்ல வேண்டும். கோகிலாவின் முகம் அதைக் கேட்டு எப்படி மாறும் என்று பார்த்தான். இன்னும் மாறாத அந்த முகத்தில் அதைப் பார்த்துவிட்டான். அவளுக்குப் பின்னால் மருதமுத்துவின் முகம். சங்கத்து மேடை. முன்வரிசை நாற்காலிகள். சிரிப்பு.

உள்ளே இருட்டில் யாரோ ஏப்பம் விட்டார்கள்.

"சொல்லு சீக்கிரம்."

வாயைத் திறந்தான். மூடினான்.

"யாருமில்ல," என்றான். "காலி வீடு. சும்மா பார்த்தேன்."

கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றது.

பலகைகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. பல பேர் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும் சத்தம். விளக்கு அணைந்தது.

"சரி," என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று அவன் சொன்னால் சொல்வாளே, அதே குரலில்.

"வாங்க போகலாம்," என்று கோகிலா அவன் கையைப் பிடித்தாள். "உங்களுக்குக் காய்ச்சலா? இப்படி நடுங்குறீங்க."

கம்போங்கில் ஒவ்வொரு வீடாகக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். சிரிப்பும் பேச்சும் பாத்திரச் சத்தமும் எழுந்தன. செத்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், இனி உயிரோடிருப்பவர்கள் சாப்பிடலாம். பொன்னம்மா தன் வீட்டு வாசலில் நின்று, கெபாயாக் கை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாக்கியம் செத்துட்டாளே," என்று மகளிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள், இப்போதுதான் செய்தி வந்ததுபோல. அவர்களைத் தாண்டிச் சாலைக்கு வரும்வரை அவன் தலை நிமிரவில்லை.

பெச்சாவில் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். கோகிலா முதலில் ஏறினாள். ஏறியவள் ஓரமாக நகர்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, நடுவில் இடம் விட்டாள். எதற்கு விட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க," என்றாள்.

அவன் மறு ஓரத்தில் உட்கார்ந்தான்.

நடுவில் மெத்தை மெல்ல அமுங்கியது.

பெச்சா நகர்ந்தது. சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பாண்டான் இலை வாசனை கூடவே வந்தது. வலது தொடையை ஒட்டி ஏதோ சில்லென்று இருந்தது. அவன் இரண்டு கைகளாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

"தூக்கமா வருதுங்க," என்று கோகிலா அவன் பக்கமாகச் சாய்ந்தாள்.

அவள் தலை அவன்மேல் வந்து விழவில்லை.

பாதி வழியில் நின்றது. ஒரு குள்ளமான பெண்ணின் தோள் உயரத்தில். அங்கே எதுவும் இல்லை. பெச்சா பள்ளத்தில் இறங்கி ஏறியது. தலை சரியவில்லை. சுகமாகச் சாய்ந்திருந்தது. கோகிலா கண்ணை மூடியிருந்தாள், உதட்டில் சின்னச் சிரிப்பு.

"தனியா உக்காந்து சாப்பிட முடியல, மூர்த்தி," என்றது குரல், அவன் காதருகே. "ஆடி வந்தா ரெண்டு இலை போடச் சொல்லு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு சின்னதா."

அவன் கத்த நினைத்தான். நாக்கு எழவில்லை.

"சரிங்க அத்தை," என்றாள் கோகிலா, கண்ணைத் திறக்காமலே.

அவள் வயிற்றின் மேல் புடவை ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்தது. குழிந்து, எழுந்து, மறுபடி குழிந்தது. தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல, விடுதி வரும்வரை அது நிற்கவே இல்லை.